ஐந்து வாட் நீல லேசரைக் கையில் பிடிக்கிற மாதிரி செய்யலாமா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு டிப்ளமோ மாணவர் கேட்டிருக்கிறார். பழைய ப்ரொஜெக்டரிலிருந்து எடுத்த நீல லேசர் டயோடு ஒன்று அவரிடம் இருக்கிறது. விற்றவர் அதை 5 வாட் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு 18650 ரக லித்தியம் செல், டயோடுக்கு மின்னோட்டம் கொடுக்க ஆன்லைனில் வாங்கிய டிரைவர் போர்டு, அலுமினிய டார்ச் லைட்டின் கூடு எல்லாம் தயார். டிரைவரை எத்தனை ஆம்பியரில் வைப்பது, எந்த லென்ஸ் போடுவது, கண்ணில் போடக் கூடவே கொடுத்த பச்சைக் கண்ணாடி போதுமா, தேன்கனிக்கோட்டையில் மாமாவின் ராகிக் கொல்லைக்கு ராத்திரி வருகிற காட்டுப்பன்றிகளை இதை அடித்து விரட்ட முடியுமா என்று நான்கு கேள்விகள். நான்குக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நான்கின் அடியிலும் இருப்பது ஒரே கேள்விதான்: நான் கவனமாக இருந்தால் இதைக் கையில் வைத்துப் பயன்படுத்தலாமா? கூடாது என்பதே என் பதில். டயோடைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, அதை வைத்து நல்ல வேலை செய்யலாம். டார்ச் மாதிரி கையில் பிடிக்கிற பொருளாக மட்டும் அதைச் செய்யாதீர்கள். ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓசூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஷீட் மெட்டல் பட்டறைகளில் லேசர் கட்டிங் மெஷின்களுக்குச் சர்வீஸ் பார்ப்பது என் தொழில். பல வருஷமாக ஃபைபர் லேசர், கார்பன் டை ஆக்சைடு லேசர் இரண்டிலும் கை வைத்திருக்கிறேன். டயோடு, டிரைவர், சூடு, லென்ஸ் பற்றி நான் சொல்வது வேலையில் கற்றது. கண்ணைப் பற்றிச் சொல்வது லேசர் பாதுகாப்புப் பயிற்சியில் படித்ததும் அந்தத் தரநிலைகளில் உள்ள கணக்கும்தான். நான் கண் மருத்துவர் இல்லை.

முதலில் அளவுகள். லேசர்களை வகைப்படுத்தும் சர்வதேசத் தரநிலையில், கண்ணுக்குத் தெரியும் ஒளி 1 மில்லிவாட்டுக்குள் இருந்தால் இரண்டாம் வகுப்பு. 5 மில்லிவாட் வரை 3ஆர். அங்கிருந்து 500 மில்லிவாட் வரை 3பி. அதற்கு மேல் எல்லாமே நான்காம் வகுப்பு. அதற்கு மேல் வகுப்பே கிடையாது. உங்கள் 5 வாட் டயோடும், நான் சர்வீஸ் பார்க்கும் 3,000 வாட் மெஷினின் உள்ளே ஓடும் ஒளியும் ஒரே வகுப்பில்தான் நிற்கின்றன. அந்த 1 மில்லிவாட் சும்மா வைத்த எண் இல்லை. இருட்டில் நன்றாக விரிந்த கருவிழித் துளை சுமார் 7 மில்லிமீட்டர். ஒளி பட்டதும் இமை மூட கால் விநாடி ஆகும். அந்தக் கால் விநாடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.5 மில்லிவாட் வரை கண் தாங்கும் என்று கணக்கு. 7 மில்லிமீட்டர் துளைக்குள் அது ஏறக்குறைய 1 மில்லிவாட் ஆகிறது. உங்கள் கையில் இருப்பது அதைப் போல ஐயாயிரம் மடங்கு. இமை மூடுகிற பேச்சுக்கே அங்கே இடமில்லை. இதில் இன்னொன்று, இமை அனிச்சையாக மூடும் என்பதுகூட எல்லோருக்கும் நடப்பதில்லை.

சூரியனையே பார்க்கிறோமே, ஒன்றும் ஆகவில்லையே என்று சிலர் கேட்பார்கள். நடு வெயிலில் சூரியனை நேராகப் பார்த்தால் சுருங்கிய கருவிழி வழியாக உள்ளே போவது ஏறக்குறைய 7 மில்லிவாட். அது விழித்திரையில் 0.16 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பரவுகிறது. லேசர் கற்றை இணையாக வருவதால் கண்ணின் லென்ஸ் அதை 0.02 மில்லிமீட்டர் அளவுக்குக் குவித்துவிடும். பரப்பில் பார்த்தால் அறுபது மடங்குக்கு மேல் சிறிய புள்ளி. அதனால் வெறும் 1 மில்லிவாட் லேசர் சுட்டியே விழித்திரையில் சூரியனை விட உக்கிரமாக விழுகிறது. கருவிழிக்கு வெளியே இருக்கும் ஒளியின் அடர்த்தி விழித்திரையில் ஒரு லட்சம் மடங்கு வரை ஏறும் என்பது லேசர் பாதுகாப்பில் சொல்லித்தரும் முதல் பாடம். விழித்திரையில் வலி தெரிவிக்கும் நரம்பு இல்லை. வெல்டிங் வெளிச்சம் பட்டால் ராத்திரி கண் உறுத்தி எழுப்பிவிடும். இது பார்வையின் நடுவே ஒரு கரும்புள்ளியாக மட்டும் தெரியவரும். செத்துப்போன ஒளி உணர் செல்கள் திரும்ப முளைப்பதில்லை.

இதெல்லாம் உறுதியான விஷயம். உறுதியில்லாதது உங்கள் டயோடுதான். 2010 வாக்கில் ப்ரொஜெக்டர்களில் பாதரச விளக்குக்குப் பதிலாக நீல லேசர் டயோடுகள் வரத் தொடங்கின. அதிலிருந்துதான் இந்தப் பொழுதுபோக்கே உலகமெங்கும் பெருகியது. அந்த டயோடுகளில் 1 வாட்டும் உண்டு, 5 வாட்டுக்கு மேலும் உண்டு. வெளியே பார்த்தால் 5.6 மில்லிமீட்டர் தலை, 9 மில்லிமீட்டர் தலை என்ற வித்தியாசம்தான் தெரியும். உங்களுடையது எத்தனை மணி நேரம் எரிந்து ஓய்ந்தது, எத்தனை வாட் தரும், ஒளியின் அலைநீளம் 445 நானோமீட்டரா 455-ஆ, எதுவும் மேலே எழுதியிருக்காது. விற்றவர் சொன்ன 5 வாட்டைக் கேள்விப்பட்ட எண்ணாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இது பழைய பொருளுக்கு மட்டுமான சிக்கலும் இல்லை. அமெரிக்காவின் அளவீட்டு நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 122 லேசர் சுட்டிகளை வாங்கிச் சோதித்து 2013-ல் வெளியிட்ட முடிவில், பச்சைச் சுட்டிகளில் சுமார் 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் அந்த நாட்டுப் பாதுகாப்பு விதியைத் தாண்டியிருந்தன. பச்சையில் இன்னொரு மறைவான ஆபத்தும் உண்டு. உள்ளே 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒரு படிகத்தை உசுப்பி 1064 ஆக்கும், அடுத்த படிகம் அதை 532 ஆக, அதாவது பச்சையாக மாற்றும். விலை குறைவான சுட்டிகள் சிலவற்றில் அகச்சிவப்பை நிறுத்தும் வடிகட்டியைப் போடுவதே இல்லை. அவற்றில் பச்சை ஒளியோடு கண்ணுக்குத் தெரியாத ஒளியும் சேர்ந்தே வரும். உங்கள் நீல டயோடில் இந்தத் தொல்லை இல்லை, அதுவே நேராக நீலம்தான் தருகிறது.

இப்போது கைக்கு வருகிறேன். என் வேலையில் லேசருக்கு முன்னால் எப்போதும் ஒரு கதவு இருக்கும். ஒளி வெளியே வரும் முனையான நாசிலின் நடுவில் ஒளி வருகிறதா என்று பார்க்க, நாசில் முனையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, பவரைக் குறைத்து, ஒரு நொடிக்கும் குறைவாக ஒரே ஷாட் அடிப்போம். டேப்பை உரித்து வெளிச்சத்தில் பிடித்தால் நாசிலின் வட்டத் தடம் தெரியும், அதற்குள் ஊசி குத்தின மாதிரி கருகிய ஓட்டை தெரியும். ஓட்டை நடுவில் இல்லை என்றால் திருகைத் திருப்பி மறுபடி ஒரு ஷாட். இத்தனை சின்ன வேலைக்கும் கேபின் கதவைச் சாத்தாமல் அடிக்க மாட்டோம். ஒளி எங்கே போகும் என்பது மெஷினின் அமைப்பிலேயே முடிவாகி இருக்கிறது. கையில் பிடித்தால் அதை முடிவு செய்வது உங்கள் மணிக்கட்டு. பின்னால் யாராவது கூப்பிட்டால் திரும்புகிறீர்கள், சுவிட்சில் விரல் இருக்கிறது, ஒளியும் உங்களோடு திரும்புகிறது. கவனமாக இருப்பவருக்கும் இது நடக்கும்.

கையில் பிடிக்கிற லேசர் தொழிலில் இல்லையா என்றால், இருக்கிறது. இப்போது ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கேட், கிரில் செய்யும் பட்டறைகளில்கூட 1,500 வாட் லேசர் வெல்டிங் துப்பாக்கி வந்துவிட்டது. அதில் ஒரு ஒயரின் முனையில் கிளிப் இருக்கும். அதை வேலைத் தகட்டில் மாட்ட வேண்டும். துப்பாக்கியின் நாசில் தகட்டைத் தொட்டு மின்சுற்று முழுமையானால்தான் ஒளி வரும். நாசில் தகட்டை விட்டு விலகியதும் ஒளி நிற்கும். சில இடங்களில் அந்தக் கிளிப்பை நாசிலிலேயே மாட்டிவிட்டு வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததும் மெஷினை நிறுத்தச் சொல்வேன். முதலாளிக்குக் கோபம் வந்தாலும் சரி. ஏனென்றால் கையில் லேசரைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தவர்கள் அந்த ஒரு ஏற்பாட்டை நம்பித்தான் கொடுத்தார்கள். டார்ச் கூட்டுக்குள் வைத்த உங்கள் லேசருக்கு அப்படி எதுவும் இல்லை. அதன் ஒளி தகட்டில் முடிவதில்லை, காற்றில் போய்க்கொண்டே இருக்கும்.

எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போடலாம். நல்ல லென்ஸ் போட்ட நீல டயோடின் கற்றை ஒரு மீட்டருக்கு 2 மில்லிமீட்டர் வீதம் விரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,000 மில்லிவாட் பரவி சதுர சென்டிமீட்டருக்கு 2.5 மில்லிவாட்டாகக் குறைய 2,000 சதுர சென்டிமீட்டர் பரப்பு வேண்டும். அது அரை மீட்டர் விட்டமுள்ள வட்டம். அந்த அகலத்துக்கு விரிய 250 மீட்டர் ஆகும். லென்ஸ் இன்னும் நன்றாக இருந்து 1 மில்லிமீட்டர் வீதமே விரிந்தால் 500 மீட்டர். அதாவது லென்ஸ் நல்லதாக ஆக ஆபத்தான தூரம் கூடுகிறது. கால் கிலோமீட்டருக்குள் எந்தக் கண்ணில் பட்டாலும் காயமாகலாம். அதற்கு அப்பால் காயமில்லாமல் கண் கூசுவது பல கிலோமீட்டர் வரை போகும். பைக்கில் வருகிறவர் விழ அது போதும். விமானியின் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நேராக யார் மீதும் அடிக்க மாட்டேன் என்பீர்கள், நம்புகிறேன். காயங்கள் நேரடியாக மட்டும் வருவதில்லை, திரும்பி வரும் ஒளியிலும் வருகின்றன. சாதாரண ஜன்னல் கண்ணாடி ஒவ்வொரு முகத்திலும் 4 சதவீதம் ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டு முகத்துக்கும் 8 சதவீதம் என்றால் 5 வாட்டில் 400 மில்லிவாட். அதுவே 3பி வகுப்பு லேசர், அதுவும் நீங்கள் எதிர்பார்க்காத திசையில். பைக் கண்ணாடி, செல்போன் திரை, எவர்சில்வர் சொம்பு, டைல்ஸ் தரை, கதவுத் தாழ்ப்பாள் என்று ஒரு வீட்டு அறைக்குள் இப்படிப்பட்ட பரப்பு எத்தனை இருக்கிறது என்று சுற்றிப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் இவ்வளவு மோசமில்லை. ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அதிலும் 5 வாட் புள்ளிக்கு 25 சென்டிமீட்டர் கிட்டத்தில் முகத்தை வைத்தால் அந்தக் கால் விநாடி எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். தீக்குச்சி பற்றுகிறதா, கட்டை கருகுகிறதா என்று பார்க்கிறவர்கள் குனிந்து பார்ப்பது அந்தத் தூரத்திலிருந்துதான். நீல ஒளிக்குச் சூட்டினால் வருகிற காயத்தோடு, நேரம் சேரச் சேர வருகிற ஒளிவேதியியல் பாதிப்பும் உண்டு. ஆகவே கால் விநாடிக்கு ஒப்புக்கொண்ட அளவை ஐந்து நிமிஷத்துக்கு ஒப்புக்கொள்ள முடியாது.

கண்ணாடி பற்றிக் கேட்டீர்கள். நிறத்தைப் பார்த்து நம்பாதீர்கள், அதில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். எந்த அலைநீளத்திலிருந்து எது வரை, ஒளியை எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் ஓ.டி. எவ்வளவு என்ற இரண்டு விவரங்கள் ஃபிரேமிலோ கண்ணாடியிலோ அழியாமல் இருக்க வேண்டும். ஓ.டி. 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி உள்ளே வரும். 4 என்றால் பத்தாயிரத்தில் ஒன்று. 5 வாட்டுக்கு ஓ.டி. 3 போட்டால் கண்ணுக்கு வருவது 5 மில்லிவாட், அது போதாது. ஓ.டி. 4-ல் அரை மில்லிவாட், ஏதோ பரவாயில்லை. ஓ.டி. 5 அல்லது 6 வாங்குவதே சரி. கூடவே இலவசமாகக் கொடுக்கிற பச்சைக் கண்ணாடிகள் சிலவற்றில் 200 முதல் 450 நானோமீட்டர் வரை என்று போட்டிருக்கும். உங்கள் டயோடு 455-ல் எரிந்தால் அந்தக் கண்ணாடி உங்களுக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. எண்ணே இல்லாத கண்ணாடியை வெயிலுக்குப் போட்டுக்கொள்ளலாம், லேசருக்கு வேண்டாம். எவ்வளவு நல்ல கண்ணாடியாக இருந்தாலும் அது உங்கள் கண்ணை மட்டும்தான் காக்கும். தங்கச்சிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் கண்ணாடி கிடையாது. கையில் பிடிக்கிற லேசரை நான் ஏற்காததற்குப் பெரிய காரணமே இது.

சரி, இனி எலக்ட்ரானிக்ஸ். லேசர் டயோடுக்குக் கொடுக்க வேண்டியது நிலையான மின்னோட்டம். வோல்ட்டேஜை நம்பி அதை நேராக பேட்டரியில் மாட்டினால் சில நொடிகூடத் தாங்காது. ஒரு வாசல் மின்னோட்டம் வரை அது எல்.இ.டி. மாதிரி மங்கலாக எரியும், அதைத் தாண்டியதும் லேசராகி நேர்கோட்டில் பவர் ஏறும். 5 வாட் ரகத்தில் சுமார் 3 ஆம்பியர், 4.5 வோல்ட் அருகே ஓடும். உள்ளே போவது 13 வாட்டுக்கு மேல், ஒளியாக வருவது 5 வாட். மீதி எட்டுச் சொச்சம் வாட் அப்படியே சூடு. அதை இழுக்க டயோடைப் பிடித்திருக்கும் தாமிர மாட்யூலும் அதைத் தொட்டுக்கொண்டு கனமான அலுமினியமும் வேண்டும். டார்ச் கூடு மட்டும் இருந்தால் சில நிமிஷங்களிலேயே நன்றாகச் சூடேறிவிடும், டயோடின் ஆயுளும் அங்கேயே குறையும். உங்கள் டயோடின் மாடல் எண் தெரியாததால் 3 ஆம்பியர் வையுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 1 ஆம்பியரில் தொடங்கி, பவரை அளந்து அளந்து ஏற்ற வேண்டும்.

டிரைவரை டயோடில் இணைப்பதற்கு முன், டயோடுக்குப் பதிலாக நிற்கும் டம்மி லோடில் ஓட்டிப் பாருங்கள். 1என்5408 டயோடு ஐந்தைத் தொடராகச் சேர்த்து, கடைசியில் 0.1 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் போதும், லேசர் டயோடுக்கு ஏறக்குறைய சமமான வோல்ட்டேஜ் வந்துவிடும். ரெசிஸ்டரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்து 100 மில்லிவோல்ட் வந்தால் 1 ஆம்பியர் ஓடுகிறது. இதில் பலர் டயோடை இழக்கிற இடம் ஒன்று உண்டு. லோடு இல்லாமல் ஆன் செய்த டிரைவரின் வெளியீட்டுக் கெப்பாசிட்டர் முழு வோல்ட்டேஜுக்கு ஏறி நிற்கும். அதோடு லேசர் டயோடைத் தொட்டால் ஒரே துடிப்பில் உள்ளேயிருக்கும் கண்ணாடி முகம் பொசுங்கிவிடும். அப்புறம் அது மங்கலான நீல எல்.இ.டி.தான். ஆகவே எல்லாம் ஆஃப் நிலையில், கெப்பாசிட்டரை ரெசிஸ்டரால் இறக்கிவிட்டு, சால்டர் செய்யும் வரை டயோடின் கால்களை மெல்லிய ஒயரால் சுற்றி ஷார்ட் செய்து வையுங்கள். நம் பக்கத்துக் கோடையில் காற்று உலர்ந்திருக்கும்போது பாலியஸ்டர் சட்டையிலிருந்து வருகிற நிலைமின்சாரமே அதைக் கொல்லப் போதும். டயோடின் உலோகக் கூடு எந்தக் காலோடாவது இணைந்திருக்கிறதா என்றும் மீட்டரில் பார்த்துவிடுங்கள். இணைந்திருந்தால் அலுமினிய உடம்பே மின்சாரப் பாதையாகிவிடும். 18650 செல்கள் லேப்டாப் பேட்டரியிலிருந்து உரித்தவை என்றால் வேண்டாம். கீழே சொல்லப்போகிற வேலைக்கு 12 வோல்ட் அடாப்டர் போதும்.

லென்ஸில் இரண்டு வழிதான். ஒற்றைக் கண்ணாடி லென்ஸ் பவரை அதிகம் கடத்தும், ஓரத்தில் இறக்கை மாதிரி சிதறல் வரும். மூன்று கண்ணாடி சேர்ந்தது கற்றையைச் சுத்தமாகத் தரும், கொஞ்சம் பவரைத் தின்னும். இந்த டயோடின் ஒளி வட்டமாக இருக்காது, பட்டையாகத்தான் விழும்; இந்த இரண்டில் எந்த லென்ஸாலும் அதை வட்டமாக்க முடியாது. எதைப் போட்டாலும் விரல் படாமல் போடுங்கள். எங்கள் மெஷினில் லென்ஸுக்குக் கீழே 37 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு காப்புக் கண்ணாடி வில்லை இருக்கும். வெட்டு கெட்டுப்போகிறது என்று கூப்பிட்டால் முதலில் அதைத்தான் கழற்றிப் பார்ப்பேன். நேராகப் பிடித்தால் சுத்தமாகத் தெரியும். டியூப் லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தால் கடுகில் பாதி அளவுக்கு ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிப் பால்நிற வளையமும் தெரியும். ஒரே ஒரு தூசி அங்கே உட்கார்ந்து, ஒளியை உறிஞ்சி, கண்ணாடியையே வேகவைத்திருக்கிறது. உங்கள் 5 வாட்டில் இதே வேலை மெதுவாக நடக்கும்.

பவரை அளக்க விலையுயர்ந்த மீட்டர் வேண்டும் என்று விட்டுவிடாதீர்கள். இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஒரு டிப்ளமோ ப்ராஜெக்டுக்கே தகும். 100 கிராம் அளவுக்கு ஒரு அலுமினியத் துண்டு எடுங்கள். ஒரு முகத்துக்குப் பளபளப்பில்லாத கறுப்பு பெயின்ட் அடியுங்கள். பின்பக்கம் ஒரு 10 ஓம் ரெசிஸ்டரையும் சூட்டை அளக்க ஒரு தெர்மிஸ்டரையும் ஒட்டி, துண்டைத் தெர்மோகோலில் பதித்து வையுங்கள். கறுப்பு முகம் மட்டும் வெளியே தெரியட்டும். அலுமினியம் ஒரு கிராம் ஒரு டிகிரி ஏற 0.9 ஜூல் எடுக்கும். 100 கிராமுக்கு 90 ஜூல். 5 வாட் விழுந்தால் 18 விநாடிக்கு ஒரு டிகிரி ஏற வேண்டும். கணக்கை மட்டும் நம்ப வேண்டாம்; முதலில் ரெசிஸ்டருக்கு 7 வோல்ட் கொடுங்கள், அது 4.9 வாட் சூடு. ஒரு நிமிஷத்தில் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறவிட்டு, அடுத்து ரெசிஸ்டரை நிறுத்திவிட்டு லேசரைக் குவிக்காமல் அகலமாகக் கறுப்பு முகத்தில் விழவைத்து அதே ஒரு நிமிஷம். லேசரில் வந்த ஏற்றத்தை ரெசிஸ்டரில் வந்த ஏற்றத்தால் வகுத்து 4.9-ஆல் பெருக்கினால் லேசரின் வாட் கிடைத்துவிடும். கறுப்பு பெயின்ட் சில சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும், தெர்மோகோல் வழியாகக் கொஞ்சம் சூடு கசியும்; அதனால் பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். 5 வாட் என்று விற்றது உண்மையில் 1.6-ஆ 4.5-ஆ என்று தெரிய இது தாராளம். இதையும் மூடிய பெட்டிக்குள் செய்யுங்கள்.

அந்தப் பெட்டிதான் நான் உங்களைச் செய்யச் சொல்லும் பொருள். இதே டயோடு ப்ரொஜெக்டருக்குள் இருந்தபோது பள்ளிக்கூட வகுப்பறையில் பல டயோடுகளோடு சேர்ந்து எரிந்தது, எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒளி உள்ளேயே பாஸ்பர் என்ற ஒளிரும் பூச்சுள்ள சக்கரத்தில் பட்டு, பரவி, சாதாரண வெளிச்சமாகித்தான் வெளியே வந்தது. நீங்கள் அதைத் திரும்பவும் ஒரு பெட்டிக்குள் வையுங்கள். தகரப் பெட்டியோ பிளைவுட் பெட்டியோ, உள்ளே பளபளப்பில்லாத கறுப்பு. டயோடு மாட்யூல் கீழ்நோக்கி, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் நகர்த்துகிற எக்ஸ்-ஒய் தண்டவாளத்தில். மூடியில் இரண்டு மைக்ரோ சுவிட்ச், டிரைவருக்குப் போகும் மின்சாரத்தோடு தொடராக. மூடியைத் தூக்கினால் மென்பொருள் எதையும் கேட்காமல் மின்சாரம் அறுந்துவிட வேண்டும். ஒரு சாவி சுவிட்ச், லேசர் எரியும்போது எரிகிற ஒரு சிவப்பு விளக்கு. உள்ளே பார்க்கக் கண்ணாடி ஜன்னல் வேண்டாம், ஒரு யு.எஸ்.பி. கேமரா வைத்துத் திரையில் பாருங்கள். கடையில் கிடைக்கிற ஆரஞ்சு அக்ரிலிக் தாளின் ஓ.டி. என்னவென்று யாருக்கும் தெரியாது. புகையை வெளியே இழுக்க ஒரு ஃபேன் கட்டாயம்.

இப்படிச் செய்தால் மரத்தில் எழுத்து பொறிக்கலாம், மெல்லிய பிளைவுட்டைப் பல தடவை ஓட்டி வெட்டலாம், கறுப்பு அனோடைஸ் செய்த அலுமினியத்தில் பெயர் போடலாம். நிறமில்லாத அக்ரிலிக்கை வெட்ட முடியாது, நீல ஒளி அதைத் தாண்டிப் போய்விடும். பி.வி.சி., ரெக்சின் மட்டும் எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். அதிலிருந்து வருவது ஹைட்ரஜன் குளோரைடு வாயு, நுரையீரலையும் அரிக்கும், தண்டவாளத்தையும் அரிக்கும்.

காட்டுப்பன்றிக்கு வருகிறேன். லேசரை வைத்துச் சில பறவைகளை விரட்டுகிற கருவிகள் வெளிநாடுகளில் உண்டு. அவை பாதுகாப்புக் கணக்குப் போட்டு, திசை கட்டுப்படுத்தி நிறுத்தப்பட்டவை. பன்றி இதற்குப் பயந்து திரும்ப வராமல் இருக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி பக்கம் ராத்திரி கொல்லையில் அசைவது பன்றியாகவும் இருக்கலாம், யானையாகவும் இருக்கலாம், பக்கத்துக் கொல்லையில் காவலுக்குப் படுத்திருப்பவராகவும் இருக்கலாம். பனியிலும் தூசியிலும் லேசர் கற்றை ஒரு கோடாகவே தெரியும். கண் எரிந்த யானைக்கு அந்தக் கோட்டின் மறுமுனையில் நீங்கள் நிற்கிறீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற வரையறைக்குள் காயப்படுத்துவதும் வருகிறது, யானை அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது. மாமாவுக்கு முறையாகப் போட்ட சோலார் வேலியும், அகலமாக வெளிச்சம் பரப்புகிற எல்.இ.டி. விளக்கும்தான் நல்லது. யானை வந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லட்டும்.

இதற்குள் யார் கண்ணிலாவது ஒளி பட்டுவிட்டது என்று சந்தேகம் இருந்தால், வலி இல்லை என்பதை வைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிராஃப் நோட்டின் கட்டங்களை நடுவில் ஒரு புள்ளியை வைத்துப் பாருங்கள். கோடு வளைந்தோ ஒரு இடம் மறைந்தோ தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். தெரியாவிட்டாலும் விழித்திரை மருத்துவரிடம் காட்டி, விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்பது நல்லது. சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருப்பதில் பயனில்லை. எந்த நிற லேசர், எத்தனை வாட், எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் எழுதி எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும்.

தம்பி, இப்போதைக்கு டிரைவரை டயோடோடு இணைக்காமல் டம்மி லோடில் ஓட்டி, குறைந்த பட்சம் எவ்வளவு மின்னோட்டத்துக்கு இறங்குகிறது, ஆன் செய்யும்போது தாவல் வருகிறதா என்று பாருங்கள். டயோடு தலையின் விட்டம், பின்னால் எத்தனை கால், டிரைவர் போர்டில் ஐ.சி. மேல் எழுதியிருப்பது, கண்ணாடியில் அச்சிட்டிருக்கும் எண்கள், இந்த நான்கையும் எழுதுங்கள். பெட்டிக்கான சுவிட்ச் இணைப்பை வரைந்து தருகிறேன்.